கருங்கண்ணி டயர்

அருப்புக்கோட்டை நாகையாவின் மோட்டார் சைக்கிள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதத்திலிருந்து ஒரே ஓர் இடத்துக்குத்தான் போயிற்று. திருச்சுழிக்குத் தெற்கே, கமுதி போகிற வண்டிப்பாதையை ஒட்டிக் குருவம்மாள் என்கிற விதவைக்கு இரண்டு ஏக்கர் கரிசல் காடு இருந்தது. மதுரை ரோட்டில் விட்டாலும் சரி, விருதுநகர் ரோட்டில் விட்டாலும் சரி, வண்டி அந்தக் காட்டின் நடுவில் போய் நின்று அணைந்துவிடும். குற்றம் எஞ்சினில் இல்லை. எஞ்சின் வெள்ளைக்காரன் செய்தது, நன்றாகவே ஓடியது. குற்றம் டயரில். அந்த டயரை நாகையா தானே போய்ப் பார்த்து, தானே பொறுக்கி எடுத்தார். பழி போட வேறு ஆள் இல்லாமல் போனதுதான் கடைசிவரை அவருக்குப் பெரிய எரிச்சல்.

நாகையா நாலு தறி வைத்திருந்தார். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ், இரண்டிலும் அவர் அதிகம் கேட்டது சந்தேகம்தான். கூடப் பிறந்த அண்ணன் கொடுத்த நூல் கட்டையும் பிரித்துச் சிட்டம் எண்ணிப் பார்த்த மனுஷன். மனைவி வெங்கடம்மாள் காலராவில் போன பிறகு மகள் லிங்கம்மாள் ஒருத்திதான். நாற்பதாம் வருஷம் அவளைக் காரியாபட்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்த சென்னகேசவனுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டில் நகையைப் பற்றி அதிகம் பேசவில்லை. மோட்டார் சைக்கிள் வேண்டும் என்றார்கள். ரோடு போட வந்த வெள்ளைக்கார இஞ்சினீர் ஒருவர் சண்டைக்குப் போகிற அவசரத்தில் பத்து வருஷம் ஓடிய மோட்டார் சைக்கிள் ஒன்றை விற்க நின்றார். நாகையா இரண்டு தறியை விற்று அதை வாங்கி, மாலை போட்டு, மகளோடு சேர்த்து அனுப்பிவைத்தார். சென்னகேசவன் இரண்டு வருஷம் அதில்தான் சுற்றினான். சந்தைக்குப் போகிற ஜனம் அது வருகிற சத்தம் கேட்டாலே ஒதுங்கி நின்று பார்க்கும். அப்படிப் பார்ப்பது அவனுக்குச் சாப்பாட்டை விட முக்கியமாகிப்போயிற்று.

நாற்பத்திரண்டு சித்திரை வெயிலில் இரண்டு டயரும் ஒரே வாரத்தில் வெடித்தன. அதற்குள் ரப்பர் விளைகிற ஊரெல்லாம் ஜப்பான்காரன் கைக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்த ரப்பர் பட்டாளத்து லாரிக்கு. மதுரையில் கேட்டாலும் சிரித்தார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த சென்னகேசவன், மோட்டார் சைக்கிளை மாட்டு வண்டியில் படுக்கப்போட்டு, அதன் பக்கத்திலேயே லிங்கம்மாளையும் அவள் தகரப் பெட்டியையும் ஏற்றி, தானே அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்து இறக்கினான்.

"ரெண்டையும் சேத்துத்தான குடுத்தீக மாமா. ஒண்ணு ஓடல. ஓடுறாப்புல ஆனதும் ரெண்டையும் சேத்தே கொண்டாந்து விடுங்க."

"எம் மக என்ன டயரா மாப்ள, வெடிச்சுப் போறதுக்கு?"

"நான் அவளக் குத்தஞ் சொல்லலயே. வண்டியில்லாத வீட்டுல அவ மட்டும் இருந்தா, பாக்குறவுக என்ன பேசுவாக? அடுத்த தைக்கு அடுத்த தை வரைக்கும் பொறுக்கச் சொல்லி எங்க அம்மாகிட்ட வாக்கு வாங்கிட்டு வந்திருக்கேன். அதுக்கு மேல எங்கையில இல்ல."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை என்று பக்கத்துத் தறிக்காரர்கள் சொன்னார்கள். ஜவுளிக்கு விலை சொல்கிற மாதிரியே சொன்னானாம். லிங்கம்மாள் பெட்டியைத் திறக்கவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ போகப்போகிறவள் எதற்குப் பிரித்து அடுக்க வேண்டும் என்று பூட்டியபடியே சுவரோரம் வைத்தாள். மாற்றுச் சேலை ஒன்று வெளியில் இருந்தது, அதை வைத்துச் சமாளித்தாள்.

நாகையா பதினாறு மாதம் டயர் தேடினார். சர்க்கார் ஆபீஸில் பர்மிட்டுக்கு எழுதிப் போட்டார். அதை எழுதிக்கொடுத்தவன் சரியாக எழுதினானோ என்று சந்தேகப்பட்டு இன்னொருவனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார், அவன் சரியாகப் படித்தானோ என்றும் சந்தேகப்பட்டார். தேங்காய் நார்க் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி ஓட்டினார், மூன்று மைலில் தீப்பிடித்தது. கோணியில் வைக்கோல் திணித்துத் தைத்து மாட்டினார். பாளையம்பட்டியில் டீக்கடைப் பக்கம் நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் முன் சக்கரத்தை ஒரு காளைமாடு தின்றுவிட்டது. அந்த மாட்டைத் துரத்திக்கொண்டு ஓடும்போதுதான் வெள்ளத்துரை கடை அவர் கண்ணில் பட்டது.

வெள்ளத்துரை பழைய இரும்பு, ஓட்டை லாந்தர், வண்டிப் பட்டை என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி விற்கிறவர். அவரிடம் மோட்டார் சைக்கிள் டயர் மூன்று சோடி இருந்தது. ஒன்று பட்டாளத்து ஏலத்தில் வந்தது, ரப்பர் கட்டை விரல் கனம். இன்னொன்று ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர் ஒருவர் ஏனென்று தெரியாமல் தோளில் மாட்டிக்கொண்டு வந்தது, பாதி தேய்ந்திருந்தது. மூன்றாவது சோடி ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தது. ரப்பர் காய்ந்து வெடித்து, பார்ப்பதற்கே பாவமாக இருந்தது. நாகையா முதல் இரண்டையும் கையால் தட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். மூன்றாவதன் ஓரத்தில் ரப்பர் உரிந்த இடத்தில் நூல் தெரிந்தது. டயருக்குள் நூல் இருக்கும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு இழையை உருவி, நாக்கில் நனைத்து, தொடையில் வைத்து உருட்டினார். முறுக்கைப் பிரித்துத் திரும்ப முறுக்கினார். இரண்டு கையாலும் சுண்டி இழுத்துக் காதோரம் சத்தம் கேட்டார். நுனியைக் கொளுத்திச் சாம்பலை முகர்ந்தார். நாற்பது வருஷமாக நூல் வாங்கும்போதெல்லாம் செய்கிற காரியம்தான். கடைசியில் பிடிபட்டது. அது கருங்கண்ணிப் பருத்தி. இந்தக் கரிசலில் விளைகிற பருத்தி. சீமைக்குப் போய், நூலாகி, ரப்பருக்குள் புகுந்து, திரும்பி வந்திருக்கிறது. அவ்வளவு நல்ல நூல் சண்டை தொடங்கியபின் அவர் தறிக்கு வந்ததே இல்லை.

வெள்ளத்துரை பொறுமையாகத்தான் சொன்னார். "செட்டியாரே, இது டயரு. சேலை இல்ல."

"ஒமக்கு ரப்பர் தெரியும் அண்ணாச்சி, எனக்கு நூல் தெரியும். ரப்பர் தேஞ்சு போற சாமான். உள்ள இருக்கிற நூல்தான் வண்டியத் தாங்குது."

"தாங்கட்டும். இந்தச் சோடிய மட்டும் எடுக்காதீக. இதுவரைக்கும் மூணு பேரு வாங்கிட்டுப் போயித் திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டாக. சொன்ன பக்கம் போக மாட்டேங்குதாம்."

"யாருக்கு எடுத்து வச்சிருக்கீரு?"

"ஒருத்தருக்கும் இல்ல."

"அப்ப எதுக்குப் பெட்டிக்குள்ள கெடக்கு? மத்த ரெண்டும் வெளியில தொங்குது, இது மட்டும் என்ன கோஷாப் பொம்பளையா?"

"தூக்கிப் போட மனசில்லாம கெடக்குய்யா. பட்டாளத்துச் சோடிய எடுத்துக்கிட்டு நிம்மதியாப் போங்க. ஒங்க மக பொழப்பு இதுல இருக்குன்னு ஊருக்கே தெரியும், உங்கள ஏமாத்தி நான் மாடி கட்டப் போறதில்ல."

இந்த இடத்தில்தான் நாகையாவின் புத்தி கெட்டது. தன் சரக்கைத் தானே மட்டம் என்று சொல்கிற யாவாரியை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மட்டம் என்று சொன்னால் அதை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். பட்டாளத்துச் சோடியைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றால் அதில் ஏதோ ஓட்டை இருக்கிறது. நாலு சேலையைக் கொடுத்துவிட்டு மரப்பெட்டிச் சோடியைத் தோளில் மாட்டி, மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வெள்ளத்துரை தலையில் அடித்துக்கொண்டது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் தெருவில் நூல் பாவு நீட்டியிருந்தவர்கள் சுருட்டிக்கொண்டு வழி விட்டார்கள். நாகையா வண்டியைக் கிளப்பி மதுரை ரோட்டில் வடக்கே பார்த்துப் போனார். ஹாண்டிலைத் திருப்பவில்லை. ரோடும் வளையவில்லை. பாளையம்பட்டி தாண்டியதும் எதிரே வந்த மைல்கல்லில் திருச்சுழி ஆறு மைல் என்று போட்டிருந்தது. மைல்கல்லை மாற்றி நட்டுவிட்டார்கள் என்று வைதுகொண்டே போனார். திருச்சுழிக் கோபுரம் தெரிந்தபோதும் அது காரியாபட்டியில் புதிதாகக் கட்டியதாக இருக்கும் என்றுதான் நினைத்தார். வண்டி கோயிலைச் சுற்றிக்கொண்டு தெற்கே இறங்கி, வண்டிப்பாதையை விட்டு விலகி, உழுது போட்டிருந்த காட்டுக்குள் நூறு அடி போய் நின்றது.

மண்வெட்டியோடு வரப்பில் நின்ற குருவம்மாளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "நீரு நாலாவது ஆளு. முன்னாடி வந்த மூணு பேரும் இதே எடத்துலதான் நிப்பாட்டுனாக. தண்ணி வேணுமாய்யா?"

"இது எந்த ஊரு?"

"ஊரெல்லாம் இல்ல, இது எங்க காடு. வேற எங்கயும் போறதா இருந்தீரா?"

நாகையா குனிந்து, காய்ந்த பழஞ்செடி ஒன்றில் தப்பிக் கிடந்த ஒரு காயை உடைத்துப் பஞ்சைத் தொடையில் உருட்டினார். டயரிலிருந்து ஒரு இழையை உருவி அதையும் உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டு உருட்டியபோது எது எது என்று அவருக்கே தெரியவில்லை. குருவம்மாளின் மாமனார் காலத்தில் அந்தக் காட்டுப் பருத்தி தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறியதாம். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது. அவளுடைய மாட்டு வண்டியிலேயே மோட்டார் சைக்கிளை ஏற்றி வீடு கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் காட்டிலிருந்து அது தானாகக் கிளம்பவே கிளம்பாது.

பெட்ரோல் கூப்பன் இருந்தவரையில் ஆறு தடவை ஓட்டிப் பார்த்தார். முன் டயரைப் பின்னால் மாட்டினார், பின் டயரை முன்னால் மாட்டினார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். சௌடேஸ்வரி அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கி நசுக்கிவிட்டு ஓட்டினார். எல்லாத் தடவையும் குருவம்மாள் தண்ணீரோடு வரப்பில் நின்றாள். டயரை மாற்றிக்கொடுக்கச் சொல்லி வெள்ளத்துரையிடம் போனபோது பட்டாளத்துச் சோடி மறுநாளே விற்றுப்போயிற்று, இன்றைக்கும் மானாமதுரைப் பக்கம் ஒழுங்காக ஓடுகிறது என்றார். ரங்கூன் சோடியைச் செருப்புத் தைக்க வெட்டிவிட்டார்கள். வெள்ளத்துரை வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாகையாவுக்குச் சண்டை போடவாவது முடிந்திருக்கும்.

மார்கழி வந்தது. மாப்பிள்ளை கெடு சொன்ன தைக்கு இன்னும் இருபது நாள். லிங்கம்மாள்தான் வழி சொன்னாள். "ஓட்டிக்கிட்டுப் போகாட்டி என்னப்பா? மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டுப் போவோம்."

"அங்க போயி அவரு ஓட்டுனா?"

"ஒங்க கை வேற, அவுக கை வேற. அவுக சொன்னாக் கேக்கும்."

நாகையாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் சந்தேகத்தை வெளியில் சொல்லாமல் விழுங்கியது அந்த ஒரு தடவைதான். காரியாபட்டியில் ஆரத்தி எடுத்து இறக்கினார்கள். சென்னகேசவன் வண்டியைத் துடைத்துப் பொட்டு வைத்து, பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்று கிளம்பினான். லிங்கம்மாள் அடுப்பில் பாயசம் வைத்தாள். பாயசம் ஆறி, ஆடை கட்டி, புளித்தும் போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் அவன் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் வந்தான், பட்டுச் சட்டை பூராவும் கரிசல் மண். குருவம்மாளின் பருத்திச் செடி பதினேழை ஒடித்ததற்கு அவள் வைத வசவும் காதில் இன்னும் இருந்தது.

"மாமா, நான் கேட்டது மோட்டார் சைக்கிளு. நீங்க குடுத்தது செக்கு மாடு."

"மாப்ள, சண்டை முடியட்டும், வேற டயர்..."

"சந்தையில நின்னு அம்புட்டுப் பேரும் பாத்தாக. கை காட்டிட்டுப் போனவன் திரும்பி வரல. ரெண்டு நாளா என்னத் தேடுறாக. ஒங்க மகளையும் வண்டியில ஏறச் சொல்லுங்க."

லிங்கம்மாள் ஏறி உட்கார்ந்தாள். மாட்டைக் கூட அவிழ்க்கவில்லை, அதே வண்டி அப்படியே திரும்பியது. தையில் சென்னகேசவனுக்குப் பரமக்குடியில் பெண் எடுத்தார்கள். அந்தச் செய்தியை நூல் வாங்க வந்த ஒருவர் சொன்னபோது நாகையா மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். பொய்யாக இருக்காதா என்று அவர் ஆசைப்பட்ட செய்தி அது, ஆனால் நிஜம்.

அதற்குப் பிந்திய வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாற்பத்து நாலில் மழை இல்லை. நாற்பத்தைந்தில் நூல் ரேஷன் கார்டுக்கு வந்தது, கார்டு இருந்தவர்களுக்கும் பாதி வந்தது. இருந்த இரண்டு தறியில் ஒன்றில் சிலந்தி கட்டியது. நெசவுத் தெருவிலேயே பெண்கள் ஒட்டுப் போட்ட சேலையோடு வெளியில் வரக் கூசினார்கள். மோட்டார் சைக்கிளின் எஞ்சினை எண்ணெய் ஆட்ட ஒருவர் வாங்கிப் போனார். டயர் இரண்டும் ஆணியில் தொங்கின. ஒரு நாள் நாகையா அவற்றை இறக்கி, கத்தியால் பிளந்து, மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, நூலை உருவத் தொடங்கினார். ஒரு துண்டுக்கு வந்தால் போதும் என்றுதான் தொடங்கினார். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. பதினாறு முழச் சேலைக்கு வேண்டியது வந்தபின்தான் நின்றது. பதினாலு தடவை சவுக்காரம் போட்டு வேகவைத்தார். ரோட்டில் ஓடிய குணமெல்லாம் ரப்பரோடு போய்விட்டது என்று தன்னைத்தானே நம்பவைத்தார். சாயம் ஏறவில்லை. மழை விழுந்த கரிசலின் நிறத்தில் நெய்து முடித்தார். அப்படி ஒரு சேலையை அந்தத் தெரு அந்த ஐந்து வருஷத்தில் பார்க்கவில்லை. லிங்கம்மாள் அதை வாங்கித் தடவிப் பார்த்தாள். "அவுக வீட்டுக்குப் போற அன்னிக்கிக் கட்டிக்கிறேன்" என்றாள். இப்படியும் ஒருத்தி நம்புவாளா என்று நாகையாவுக்குக் கோபம்தான் வந்தது.

நாற்பத்தேழு பங்குனியில் அவள் நம்பியது நடந்தது. பரமக்குடிக்காரி பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தை பிழைத்துக் கிடக்கிறது, பார்க்க ஆள் இல்லை, லிங்கம்மாளைக் கொண்டுவந்து விடுங்கள், மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று சென்னகேசவன் ஆள் அனுப்பினான். நாகையா சந்தேகப்படவில்லை. எதைச் சந்தேகப்படுவது? அவனுக்கு ஆள் வேண்டும், கேட்கிறான். லிங்கம்மாள் கரிசல் சேலையைக் கட்டி, தகரப் பெட்டி பிறகு வரட்டும் என்று விட்டுவிட்டு, பழைய சேலையை மூட்டையாக முடிந்து கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் காரியாபட்டி போய் இறங்கினார்கள். வெயில் ஏறுவதற்கு முந்தி. சந்தையைத் தாண்டினால் சென்னகேசவன் தெரு. அவன் வாசலில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது நாகையாவுக்கே தெரிந்தது. மகள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் நடந்தார். தெரு நீண்டுகொண்டே போயிற்று. வீடுகள் குறைந்தன. ஒரு மைல்கல் வந்தது. நாகையா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "லிங்கா, நில்லு" என்றார்.

அவள் நிற்கவில்லை. கால்கள் நிற்கவில்லை என்று அப்போது சொன்னாள். கோபுரம் வந்தது, வண்டிப்பாதை வந்தது, காடு வந்தது. அந்த வருஷம் மழை பொய்த்து, மூன்றில் ஒரு பங்குதான் காய் பிடித்திருந்தது. இருந்ததும் வெடித்துக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. ஆள் கூலிக்குக் கிடைக்காமல் குருவம்மாள் ஒருத்தியாகப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து லிங்கம்மாளையும் சேலையையும் பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றுதான். "தண்ணி வேணுமா, இல்ல நிரை பிடிக்கிறியா?"

நாகையாவுக்கு மூச்சு வாங்கியது. "மூட்டையில பழைய சேலை இருக்கில்ல. அந்தச் சோளத்தட்டைப் படப்புக்குப் பின்னால போயி மாத்திக்கிட்டு வா. இருட்டுறதுக்குள்ள காரியாபட்டி போயிரலாம். வாசல்ல நிக்கிறாருடி. நீயும் பாத்தியில்ல?"

"பாத்தேன்."

"பின்ன?"

"மாத்திக்கிட்டாப் போயிரலாம்தான் அப்பா" என்றாள் லிங்கம்மாள். மூட்டையை வரப்பில் வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி மடி கட்டினாள். தறிக்காரர் மகளுக்குப் பருத்தி எடுக்கத் தெரியாது, முதல் காயிலேயே விரலைக் கீறிக்கொண்டாள். குருவம்மாள் எப்படி எடுப்பது என்று காட்டினாள். இரண்டு பேரும் செடி நிரையோடு குனிந்து போனார்கள். மடியில் விழுந்த பஞ்சு கொஞ்சம்தான்.

நாகையா வெயில் சாய்கிறவரை வரப்பில் நின்றார். ஐந்து வருஷமாக அவர் தேடியது மகளைக் காரியாபட்டியில் சேர்க்க ஒரு வழி. அது இனி இல்லை. வெள்ளத்துரை அன்றைக்கு நிஜத்தைத்தான் சொன்னார் என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். கேட்க அங்கே யாரும் இல்லை. பிறகு வீட்டுக்குக் கிளம்பினார். அவர் கட்டியிருந்தது கார்டுக்கு வாங்கிய மில் வேட்டி. அதற்கு எந்தக் காட்டையும் தெரியாததால் அவர் நடந்த பக்கமே நடந்தது, அருப்புக்கோட்டையும் வந்தது.